இவர் கையில் ஒரு துவக்கு

என் கணவருக்கு ஒரு துவக்குச் சொந்தமானது யுத்த காலத்தில், அதுவும் கொழும்பில், கொட்டாஞ்சேனையில். இதைவிடப் பொருத்தமில்லாத மனிதரையோ இடத்தையோ அந்தத் துவக்கு தேடிப் பிடித்திருக்க முடியாது.

அவருடைய அண்ணன் கனடாவுக்குப் போகும்போது சிலாபத்துத் தென்னங்காணியைத் தம்பி பெயருக்கு எழுதிவிட்டார். காணியோடு, பன்றியைச் சுட்டு விரட்ட வைத்திருந்த ஒற்றைக்குழல் துவக்கும் வந்தது. லைசன்சும் இவர் பெயருக்கு மாறியது. அதைக் காணியில் விட்டு அது களவுபோனால், யார் கைக்குப் போனது என்று இவரைத்தான் விசாரிப்பார்கள். அதனால் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

இவர் கப்பல் கம்பனியில் கிளார்க். பேனையைக்கூட மூடியைப் போட்டுத்தான் அடுத்தவருக்கு நீட்டுவார். அப்படிப்பட்டவர் துவக்கை விளக்குமாறு மாதிரிச் சுவரில் சாத்திவிட்டுக் கால் கழுவப் போனார். நான் வன்னியில் பிறந்தவள். அப்பா வயல் காவலுக்குத் துவக்கு வைத்திருந்தார். அன்றைக்கே இவருக்குப் பாடம் தொடங்கினேன்.

"இஞ்சேருங்கோ, ஆர் கையில தந்தாலும் முதல்ல மடிச்சுக் குழலுக்குள்ள தோட்டா இருக்கோ எண்டு பாருங்கோ."

"இப்பத்தானே நீர் பாத்துத் தந்தனீர்."

"நான் தந்தாலும் பாக்கவேணும்."

மடித்துப் பார்த்தார். திருப்பி மூடியபோது குழல் என் வயிற்றுக்கு நேரே நின்றது. சொன்னேன். "சொறி, சொறி" என்று என் பக்கம் திரும்பினார். குழலும் கூடவே திரும்பியது. சிரிப்பதா ஏசுவதா என்று தெரியவில்லை, இரண்டையும் செய்தேன். வாய் எப்போதும் நிலத்தைப் பார்க்கவேண்டும், சுடப்போகும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்கவேண்டும், துடைக்கும்போது தோட்டா அந்த அறையிலேயே இருக்கக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். துவக்கு அவருடைய அலுமாரியில், தோட்டா என் டிரங்குப் பெட்டியில். சாவிகளும் வேறு வேறு.

வன்னியில் தேவைப்படாத பாடம் ஒன்றும் இருந்தது. சிங்களத்திலும் துவக்கு 'துவக்குவ'தான். ஒருநாள் பஸ்ஸில் இவர், "கூட்டம் எத்தினை மணிக்குத் துவக்கம்?" என்று என்னைச் சத்தமாகக் கேட்டார். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதுவும் துவங்கவில்லை. எல்லாம் தொடங்கின.

துவக்குத் தவறி வெடிக்கும் என்பது என் சின்னப் பயம். இவரைத் துவக்கோடு கண்டு யாராவது சுட்டுவிடுவார்களோ என்பதுதான் பெரிய பயம். தமிழ் ஆம்பிளை, கையில் துவக்கு. லைசன்சை எடுத்துக் காட்டும்வரை யார் பொறுப்பார்கள்? அதுவும் இவர் மற்றவர் கேட்டு முடிக்குமுன் எழுந்து ஓடுகிற மனிதர். விருந்தாளி தொண்டையைச் செருமினால் தண்ணீரோடு நிற்பார். அந்தக் குணத்துக்காகத்தான் நான் இவரைக் கட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒரு பொலிஸ் அதிகாரியும் இரண்டு இராணுவத்தினரும் வீடுவீடாகச் சோதித்துக்கொண்டு வந்தார்கள். அதிகாரி மரியாதையானவர். லைசன்சை வாசித்தார், தலையாட்டினார். "துவக்குவ கோ?" என்று துவக்கு எங்கே எனக் கேட்டார்.

"கேன்னங் மஹத்தயா," என்று இவர் எழுந்து, எடுத்துவர அறைக்குள் போய்விட்டார்.

எல்லாம் சொல்லிக்கொடுத்த நான் ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்பாவின் வீட்டுக்குத் துவக்கைப் பார்க்க யாரும் துவக்கோடு வந்ததில்லை. அலுமாரிச் சாவி திரும்புகிற சத்தம் கேட்டது. வாசலில் நின்ற இராணுவத்தினரில் ஒருவர் அறைக் கதவைப் பார்த்துத் தன் துவக்கை உயர்த்தினார். அவருடைய விரல் விசையில் இருந்தது. நான் அவருக்குக் குறுக்கே அறைக்குள் ஓடினேன். அது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று பிறகுதான் விளங்கியது.

உள்ளே இவர் கட்டிலோரம் நின்று, நான் சொன்னபடியே துவக்கை மடித்துக் குழலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்காமல் நேரே வெளியே வந்திருந்தால் நான் பிந்தியிருப்பேன்.

"கட்டில்ல வையுங்கோ. வெறுங்கையோட வாங்கோ."

"அவர் கேட்டவரல்லோ?"

"அவர் வந்து எடுப்பார். கையை மேல வைச்சுக்கொண்டு எனக்குப் பின்னால வாங்கோ."

வெளியே வந்தபோதுதான் தன் நெஞ்சுக்கு நேரே நீண்டிருந்த குழலை இவர் கண்டார். இவர் விரலில் இன்னும் சொதி ஒட்டியிருந்தது. அதிகாரி ஒரு சொல் சொல்ல, அந்தக் குழல் கீழே இறங்கியது. அவரே உள்ளே போய்த் துவக்கின் இலக்கத்தைப் பார்த்துவிட்டு வந்தார். அதை அடுத்த நாளே பொலிசில் ஒப்படைக்கச் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினோம்.

அவர்கள் படி இறங்கும்போது இவர் பின்னாலேயே போய், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாமே என்று சிங்களத்தில் கேட்டார். உண்மையாகத்தான் கேட்டார். குழலை நீட்டியவரையும் பார்த்துக் கேட்டார். அவர்களும், என்ன நினைத்தார்களோ, திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

நான் குசினிக்குள் போய் அடுப்புப் பற்றவைக்கத் தீக்குச்சி உரசினேன். மூன்று குச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக நூர்ந்துவிட்டன. முன்னறையில் இவர் சீனி எத்தனை கரண்டி என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குரலைக் கேட்டபடி, வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அழுதேன்.