தள்ளி இருந்த தாய்

பெண்களுக்கு முடிவெட்டும் சிறிய கடை அந்த அம்மாவுடையது. கணவர் லாரி ஓட்டுநர். வீட்டில் தங்குவதே அபூர்வம். ஒரே மகன். பள்ளி முடிக்கும் வயதில் அவன், தனக்குப் பெண்கள்மேல் அல்ல, ஆண்கள்மேல்தான் ஈர்ப்பு வருகிறது என்று சொன்னான். அப்பா தாம்தூம் என்று குதித்து, மனநல மருத்துவரிடம் இழுத்துப் போனார்.

மருத்துவர் அம்மாவைத் தனியே அழைத்தார். "அப்பா ஊர் ஊராப் போயிடுறாரு. நீங்க பையனை மடியிலயே வச்சு வளர்த்திருக்கீங்க. அதான் இப்படி. இனிமே கொஞ்சம் தள்ளியே இருங்க."

தள்ளித்தான் இருந்தார். தலை துவட்டிவிடுவதை நிறுத்தினார். காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொடாமல் தெர்மாமீட்டரை நீட்டினார். அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், அடுப்பில் ஏதோ வைத்தவர்போல எழுந்து போனார். மகன் மாறவில்லை, பேச்சுதான் குறைந்தது. படிப்பு முடிந்ததும் வேறு நகரத்துக்கு வேலைக்குப் போய்விட்டான்.

அதன்பிறகு யாருக்காவது தலை அலசும்போது, விரல்களுக்குள் இருப்பது மகனின் தலை என்று தோன்றும். குனிந்து பார்ப்பார், வேறு யாரோ. சமையலறையில் முதுகுக்குப் பின்னால் அவன் மூச்சுவிடுவது கேட்கும். திரும்பிப் பார்க்கப் பயம். நான் கெடுத்த பிள்ளை என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது.

வாடிக்கையாக வரும் உளவியல் பேராசிரியையிடம் ஒருநாள், யார் வீட்டுக் கதையோபோலக் கேட்டார். "மேடம், அம்மா ரொம்பச் செல்லம் குடுத்தா பையன் அப்படி ஆயிடுவானா?"

"ஒரு காலத்துல அப்படித்தான் சொன்னாங்க. ஆராய்ஞ்சு பார்த்தப்ப அது நிக்கல. மரபணு, கருவுல நடக்கிறதுன்னு பல விஷயம் சேர்ந்திருக்கலாம். இதுதான் காரணம்னு இன்னும் யாருக்கும் தெரியாது. ஆனா வளர்ப்பால வருதுன்னு சொல்ல ஆதாரமில்ல. அது நோயும் இல்ல. மாத்தப் போனா கெடுதல்தான்."

"அப்போ... தள்ளி வச்சது?"

"யாரு தள்ளி வச்சா?"

அன்றே அம்மா கடையைப் பூட்டிவிட்டு, மகன் இருக்கும் நகரத்துக்குப் பேருந்து ஏறினார்.

கதவைத் திறந்த மகனுக்குப் பின்னால் இன்னொருவன் நின்றான். "வாங்கம்மா" என்றவன், தேநீர் போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டான். மருத்துவர் சொன்னதை அம்மா முதல்முறையாக மகனிடம் சொன்னார்.

"என்னைப் பார்த்தா உனக்கு அருவருப்புன்னு நெனச்சேம்மா."

"ஐயோ, இல்லடா தங்கம்!"

கன்னத்தைத் தொடக் கை நீட்டினார். அவன் தலை சட்டென்று பின்வாங்கியது. இருவருமே அதைப் பார்த்தார்கள். பிறகு அவனாகவே வந்து தோளில் சாய்ந்தான். உடம்பு மட்டும் விறைத்தே இருந்தது.

இப்போது மகனும் அவன் துணைவனும் சேர்ந்து வந்துபோகிறார்கள். அப்பாகூட ஒன்றிரண்டு வார்த்தை பேசுகிறார். ஆனால் கிளம்பும்போது மகன் வாசலில் ஒரு நொடி தயங்குகிறான், அம்மாவைக் கட்டிக்கொள்ள அனுமதி கேட்பவன்போல. அந்த ஒரு நொடியைத்தான் அவரால் தாங்க முடிவதில்லை.