குடும்பத்தோடு பார்க்க வேண்டிய படம்

நாவலூர் ஐடி கம்பெனி என்னை வீட்டுக்கு அனுப்பியபோது எனக்கு ஐம்பது வயது. வேறு எங்கும் வேலை அமையவில்லை. தாம்பரத்தில் ஆட்களை ஏற்றிக் கேளம்பாக்கம் வரை கொண்டுவிடும் பைக் டாக்சிக்காரனானேன். காட்டாங்குளத்தூரில் படித்துக்கொண்டிருந்த மகன் ஒன்றுதான் கேட்டான்.

"அப்பா, எங்க காலேஜ் பக்கம் மட்டும் சவாரி எடுக்காதீங்க."

சரி என்றேன். அந்தப் பக்கம் சவாரி வந்தால் ரத்து செய்துவிடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் படம் வந்தது. வேலை போன ஒரு அப்பா, வீடு வீடாகத் தண்ணீர் கேன் சுமந்து பிள்ளையைப் படிக்க வைக்கும் கதை. எங்கள் காலனியில் எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். எதிர் வீட்டு அக்கா என் மனைவியிடம், "குடும்பத்தோட போங்க, அதுவும் பையன் அப்பாவைக் கூட்டிட்டுப் போகணும்" என்றார். மகனே டிக்கெட் போட்டான்.

இடைவேளைக்குப் பிறகு, கேனோடு மாடிப்படியில் அந்த அப்பா சறுக்கி விழுந்தார். தியேட்டரே விசும்பியது. என் பக்கத்தில் மகன் தேம்பித் தேம்பி அழுதான். இருட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டான். மறைக்க என்ன இருக்கிறது, எனக்கும் கண் கலங்கிவிட்டது. படத்துக்காக இல்லை, அந்தக் கைக்காக.

வெளியே வந்ததும் அவனுடைய வகுப்புப் பையன்கள் எதிர்ப்பட்டார்கள். அவர்கள் கண்களும் சிவந்திருந்தன.

"அங்கிள், வணக்கம். என்ன பண்றீங்க?" என்று ஒருவன் மரியாதையாகக் கேட்டான்.

நான் வாயைத் திறப்பதற்குள் மகன் முந்திக்கொண்டான். "அப்பா நாவலூர்ல, ஐடில. மேனேஜர்."

நான் தலையாட்டினேன். மனைவி செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பொறுக்க முடியாமல் கேட்டேன். "அந்த ஆளுக்காக அவ்வளவு அழுதியேடா?"

"அது படம்ப்பா," என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. இதுகூடவா தெரியாது என்பதுபோலச் சொல்லிவிட்டு, செல்போனில் அந்தப் படத்தின் போஸ்டரைப் போட்டு, 'அப்பான்னா தெய்வம்' என்று ஸ்டேட்டஸ் வைத்தான். அவன் தோளுக்கு மேலாக நானும் பார்த்தேன். அவன் நண்பர்கள் வரிசையாக இதயம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை முதல் சவாரி காட்டாங்குளத்தூருக்கு வந்தது. ரத்து செய்தேன். அடுத்த சவாரிக்காகத் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் வெயிலில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.