ஸ்பீக்கர் வந்தது, இரைச்சல் வரவில்லை

வீட்டுக்கு ஸ்பீக்கர் வந்தாயிற்று!

தரையில் நிற்கும் வகை, இடுப்பு உயரம், தேக்கு நிறம். (எங்கள் ஹாலில் இரண்டு விருந்தாளிகள் உட்காராமல் நிற்பது போலவே இருக்கிறது.)

வாழ்த்துச் சொல்ல அவசரப்படாதீர்கள். முழுக்கப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

குன்னூரை ஒட்டிய எங்கள் ஜெகதளா பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், தேயிலைக்கு இப்போது விலையே இல்லை. பறிக்கிற கூலிக்கே கட்டுப்படியாகவில்லை என்று பலர் தோட்டத்தை அப்படியே போட்டுவிட்டார்கள். இலை வரத்து நின்றதும் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஃபேக்டரியையும் மூடிவிட்டார்கள்.

என் வீட்டுக்காரருக்கு அங்கேதான் வேலை. இலை வாட்டும் மாடி அவர் பொறுப்பு. பச்சை இலையைப் பரப்பி, பெரிய பெரிய ஃபேன்களை ராத்திரி முழுக்க ஓட விடுவார்கள். ஃபேன் நின்றால் இலை சூடாகிச் சிவந்துவிடும். அப்புறம் அது குப்பைதான்.

அதனால் உடம்பு வீட்டில் படுத்திருந்தாலும் காது ஃபேக்டரியில் இருக்கும். ஃபேன் சத்தம் ஓடும்வரை குறட்டை! நின்றதோ இல்லையோ, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டே ஓடுவார்.

இப்போது அந்தச் சத்தம் ஒரேயடியாக நின்றுவிட்டது. மனிதர் தூங்குவதே இல்லை.

தூக்க மாத்திரை போட்டும் பலனில்லை. போனில் ஃபேன் சத்தம் போட்டுப் பார்த்தேன். அது முடிந்து முடிந்து திரும்ப ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு முறை முடியும்போதும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்!

கண் குழிவிழுந்து, பேச்சுக் குறைந்து, யாரோ ஒருவர் மாதிரி ஆகிவிட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது.

வேலையில் இருந்தபோது அடிக்கடி சொல்வார்.

"இந்த எரச்சல்ல ஒரு பாட்டுக் கேக்க முடியல அம்மணி. ஒரு நாளைக்குப் பெரிய ஸ்பீக்கரா வாங்கோணும்."

சரி, பாட்டாவது தூங்க வைக்கட்டும் என்று கிளம்பினேன். நாத்தனார் போனிலேயே கேட்டாள்.

"வேலை போன ஊட்டுக்கு ஸ்பீக்கர் ஒண்ணுதான் கொறச்சலுங்களா அண்ணி?"

போனை வைத்தேன். அவரைக் கூட்டிக்கொண்டு குன்னூரில் ஒரு கடைக்குப் போனேன்.

கடைக்காரத் தம்பி மரியாதையாகக் கேட்டார். "எந்த மாதிரி சவுண்டு வேணுமுங்க்கா?"

"வார்ம் சவுண்டுங்க தம்பி! காதக் குத்தக் கூடாது, குரல் கனமா வரோணும், பட்ஜெட்டும் நடுத்தரந்தான்."

(நான் பள்ளிக்கூட ஆபீஸ் கிளார்க். இதெல்லாம் இந்தக் குழுவில் உங்கள் பதிவுகளைப் படித்துத் தேற்றிய அறிவு!)

முதல் ஜோடியில் ஜால்ரா சத்தம் சமையலறையில் தட்டு விழுவது போல இருந்தது. இரண்டாவதில் பேஸ் அதிகம், கடைக் கண்ணாடியே அதிர்ந்தது.

மூன்றாவதுதான் நாங்கள் தேடி வந்தது. பாடுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பாடினார், அவ்வளவு இதம்.

பாட்டு முடிந்தது. ஸ்பீக்கருக்குள்ளிருந்து ம்ம்ம்ம்ம் என்று ஒரு இரைச்சல்.

"தப்பா நெனச்சுக்காதீங்க்கா. ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கருங்க. டெமோவுக்கு வெச்சிருக்கற ஆம்ப்ளிஃபயர்ல கோளாறு. பாட்டு நின்னா இப்படி எரையும்."

பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, பிடித்திருக்கிறதா என்று கேட்க இவர் பக்கம் திரும்பினேன்.

சோஃபாவில் தலை சாய்ந்து கிடந்தது. குறட்டை!

"ஏனுங்க்கா, அண்ணனுக்குப் பாட்டுப் புடிக்கலீங்களா?"

"மெல்லப் பேசுங்க தம்பி. அவரு தூங்கட்டும்."

நல்ல பிள்ளை. வேறு எதுவும் கேட்கவில்லை. அடுத்து வந்தவர்களிடம் கிசுகிசுப்பாகவே வியாபாரம் பேசினார். எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

மதியம் சாப்பாட்டுக்குக் கடை சாத்தும் நேரம் வந்தது. தம்பி தயங்கித் தயங்கி ஆம்ப்ளிஃபயரை அணைத்தார்.

இவர் துள்ளி எழுந்தார். கை ஸ்வெட்டரைத் தேடுகிறது.

"ஃபேன் நின்னுபோச்சு!"

கடையைச் சுற்றும் முற்றும் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். மெதுவாக உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"இதையே வாங்கிக்கலாம் அம்மணி."

ஸ்பீக்கர், அந்த டெமோ ஆம்ப்ளிஃபயர் இரண்டுக்கும் சொல்லிவிட்டு வந்தோம். எங்களுக்கு அந்த இரைச்சல்தான் வேண்டும் என்று அங்கேயே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. கோளாறை யாராவது கேட்டு வாங்குவார்களா?

இன்று காலை தம்பியே வண்டியில் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"டெமோ பீஸ் எரச்சல் உங்களுக்குத் தொந்தரவா இருக்குமேன்னு புது ஆம்ப்ளிஃபயரே கொண்டாந்துட்டேனுங்க்கா. எக்ஸ்ட்ரா ஒண்ணும் வேண்டாமுங்க. இனி பாட்டு நின்னா குண்டூசி உழுந்தாக்கூடக் கேக்கும்!"

அந்த முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்ல? டீ கொடுத்து அனுப்பினேன்.

பாட்டுப் போட்டோம். பொய் சொல்லக் கூடாது, அருமையான சவுண்ட்! பக்கத்து வீட்டில் எல்லோரும் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

பாட்டு முடிந்தது. இவர் குனிந்து ஸ்பீக்கரில் காதை வைத்தார். இன்னொன்றிலும் வைத்துப் பார்த்தார்.

"ஒண்ணும் வரலீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல அம்மணி. நல்லா இருக்குது."

எழுந்து பின்கட்டுக்குப் போனார். நான் இதை எழுதும்போதும் ஃபேக்டரிச் சுவரைப் பார்த்துக்கொண்டு அங்கேதான் நிற்கிறார். மழை தூறுகிறது, கூப்பிட்டும் வரவில்லை.

தம்பிக்குப் போன் செய்தேன். பழைய ஆம்ப்ளிஃபயரைக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பிவிட்டாராம்.

இந்தக் குழுவில் தினமும் யாராவது கேட்கிறீர்கள், பாட்டு நின்றால் இரைச்சல் வருகிறது, எப்படிப் போக்குவது என்று. ஒயரை மாற்று, எர்த்தைச் சரிபார் என்று பத்துப் பேர் பதில் சொல்கிறீர்கள்.

நன்றாக இருக்கும் ஆம்ப்ளிஃபயரில் அந்த இரைச்சலை வரவழைப்பது எப்படி?

தெரிந்தவர்கள் சிரிக்காமல் சொல்லுங்கள். இருட்டுவதற்குள் சொன்னால் ரொம்பப் புண்ணியம்.