பின்னறைக் கதவின் ஆணி

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். உங்கள் நம்பிக்கையை வைத்து என் வீட்டு அடுப்பில் உலை கொதிக்கவில்லை.

1915, ஜூன் 2, புதன்கிழமை. பதுளைக் கடைத்தெரு. முஸ்லிம் கடைகளை உடைத்துக்கொண்டு ஒரு கும்பல் வருகிறதென்று மாலை ஐந்து மணிக்குத் தகவல் வந்தது. பக்கத்துக் கடை ஜௌபர் நானாவும் அவர் மனைவி ஸகீனாவும் வேலியைத் தாண்டி என் சமையலறைக்குள் வந்து நின்றார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எங்களுக்கும் இல்லை.

என் வீட்டுக்காரர் ராமாமிர்தம் இருக்கிறாரே, கடை வாசலில் மீசை முறுக்குவதில் பெரிய சூரர். அன்று அவருக்கு வேட்டி நனையாததுதான் மிச்சம்.

“நம்மளயும் சேத்து வெட்டிருவானுங்க, வடிவு.”

“அப்ப நீங்க போயி கட்டிலுக்கு அடியில படுங்க.”

சொன்னதும் போய்ப் படுத்தார்! அந்த மானமுள்ள மனிதரோடு இருபது வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

பின்பக்கத்துச் சந்துப் பக்கம் பார்த்தபடி ஓர் அறை. மாமனார் காலத்திலிருந்து சும்மா மூட்டை அடுக்கி வைத்திருந்தோம். மூட்டைகளுக்குப் பின்னால் இருவரையும் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன். வாசலில் வேப்பிலை தொங்கினால் அம்மை கண்ட வீடு. எந்தக் கொம்பனும் உள்ளே வரமாட்டான். 6.10க்கு வேப்பிலைக் கொத்தோடு அந்த அறையின் சந்துக் கதவுக்குப் போனேன். ஆணியும் சுத்தியலும் தேவைப்படவில்லை. நிலையில் ஏற்கெனவே ஓர் ஆணி இருந்தது. அதில் ஒரு மக்கிய கயிறு...

7.25. சந்தில் காலடிச் சத்தம். எட்டுப் பேர், கையில் பொல்லுத் தடி. முன்னால் அரிக்கன் விளக்கோடு யார் தெரியுமா? மூன்றாம் கடை வைரவநாதன். தினமும் நெற்றி நிறைய திருநீறு. பத்து வருடமாக நானாவின் கடைமேல் ஒரு கண். த்தூ!

“நானா உள்ளதான இருக்கான்?”

“அம்மா எறங்கியிருக்கா. என் அண்ணன் மகளுக்கு. லுணுகலைத் தோட்டத்துப் புள்ள.”

அவன் சிரித்தான். “ஒனக்கு ஏது அண்ணன்?”

நான் வேப்பிலைக் கொத்தைக் காட்டினேன்.

அப்போது உள்ளேயிருந்து...

“தண்ணி...”

சிறுமியின் குரல்.

ஸகீனாவின் குரல் அல்ல.

வைரவநாதன் கதவிடுக்கில் கண்ணை வைத்தான். விளக்கு கீழே விழுந்தது. அவன் ஓடினான். கும்பலும் ஓடியது.

நான் கதவைத் திறந்தேன். மூட்டைக்குப் பின்னால் ஸகீனா அழுதுகொண்டிருந்தாள்.

“தங்கச்சி, அந்தப் புள்ளைக்குத் தண்ணி குடுங்களேன். எவ்வளவு நேரமா கேக்குது...”

“எந்தப் புள்ள?”

அவள் மூலையைக் காட்டினாள்.

யாருமில்லை.

தரையில் வேப்பிலை பரவிக் கிடந்தது. நடுவில், ஒரு சிறிய உடம்பு படுத்த பள்ளம்.

என் வேப்பிலை கதவில் அப்படியே தொங்கியது.

ஒரு செம்புத் தண்ணீர் வைத்தேன். காலை 5.10க்குப் பார்த்தால்... காலி.

பட்டாளம் வந்து ஊர் அடங்கியது. நானாவும் ஸகீனாவும் உயிரோடு வீடு திரும்பினார்கள். உடனே என் சூரர் கடை வாசலில், “நான்தான் காப்பாத்தினேன்” என்று மீசை முறுக்கத் தொடங்கினார். அன்று மாலை அவரைப் பின்னறைக்கு இழுத்துப்போய் அந்த ஆணியைக் காட்டினேன். அழுதுகொண்டே சொன்னார்.

முப்பது வருடம் முன்பு மடுல்சீமைத் தோட்டத்துக்குக் கூலி ஆள் கொண்டுபோன ஒரு கங்காணி, காய்ச்சலில் நடக்க முடியாத ஒரு சிறுமியை இங்கே விட்டுப் போனானாம். காய்ச்சல் ஒட்டிக்கொள்ளும் என்று மாமனார் அவளை உள்ளே வைத்துப் பூட்டினார். அவள் மூன்று நாள் தண்ணீர் கேட்டாள். சந்தில் போகிறவர்கள் யாரும் கதவைத் திறந்துவிடக் கூடாதென்று வேப்பிலை கட்டினார்கள்.

அவளுக்கு அம்மையே இல்லை.

அந்த ஆணியை அடித்தது, பத்து வயது ராமாமிர்தம்.

இப்போதும் தினமும் ஒரு செம்பு வைக்கிறேன். காலையில் காலியாக இருக்கும். என் வீட்டுக்காரர் தண்ணீர் கேட்டால் மட்டும், நான் எழுந்திருப்பதில்லை.