நிழலைத் துரத்திய பெண்ணும் எங்கள் வீட்டு ஏரியலும்

எனக்குப் பிடித்த படம் எது என்று யாராவது கேட்டால் ஒரு கார்ட்டூன் படத்தைச் சொல்வேன். பாட்டும் நிறமுமாக ஓடும் படம். அதன் கடைசிக் காட்சிதான் உயிர் என்று அடித்துச் சொல்வேன். அந்தக் கடைசிக் காட்சியை நான் பார்த்ததில்லை என்பதை மட்டும் சொல்ல மாட்டேன். முப்பது வருடங்களுக்கு மேலாக எங்கள் வீட்டில் அதற்கு ஒரே குற்றவாளி, என் அப்பா.

அப்போது நாங்கள் செடெனாக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு எண்ணெய் மில்லில் வேலை. தகரக் கூரைமேல் நீண்ட இரும்புக் குழாய், அதன் உச்சியில் மீன்முள் போல ஒரு ஏரியல், சிங்கப்பூர் டிவியைப் பிடிக்கத் தெற்கே பார்த்து நிற்கும். பெருங்காற்று அடித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உடனே செய்தி வாசிப்பவருக்கு இரண்டு தலை முளைத்துவிடும். அப்பா கூரை ஏறுவார், அம்மா ஜன்னலில் நிற்பார், நான் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பேன். நான் சொல்வதை அம்மா கத்த, அதைக் கேட்டு அப்பா குழாயைத் திருப்புவார். எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் இதே கூத்துதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தப் படம் வந்தது. சுருட்டை முடிக்காரப் பெண் ஒருத்தி தூங்கி எழுந்து பார்க்கிறாள், அவளுடைய நிழலைக் காணோம். கோபித்துக்கொண்டு ஓடிவிட்டது. அதைத் தேடிக் கிளம்புகிறாள். கதை அவ்வளவுதான். ஆனால் அவள் போகிற வழி இருக்கிறதே! மலைகள் மூச்சு விட்டன. மீன்கள் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வானத்தில் நீந்தின. மீசை வைத்த நிலா ஒன்று அடித்தொண்டையில் பாட, பாட்டு அதன் வாயிலிருந்து ஊதாவும் ஆரஞ்சுமாக வழிந்து கீழே ஆறாக ஓடியது. அந்த ஆற்றிலேயே அவள் படகில் ஏறிப் போனாள். ஆங்கிலப் பாட்டு எதுவும் எனக்குப் புரியவில்லை. கனவில் பேசுகிறவர்களின் பேச்சு மட்டும் நமக்குப் புரிகிறதா என்ன? வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"இத வரைஞ்சவன் என்னாத்தக் குடிச்சான்?" என்று அப்பா கேட்டார். கேட்டவர் எழுந்து போகாமல் என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அந்த நிலாவைப் பிடித்துப் போயிற்று. அது வரும்போதெல்லாம் தன் மீசையைத் தடவிக்கொண்டார்.

கடைசியில் ஒரு குன்றின்மேல் அவள் நிழலைக் கண்டுபிடித்தாள். இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். அவள் கையை நீட்டினாள். அந்த நேரம் பார்த்து அவள் சட்டையின் சிவப்பு நிறம் வரைகோட்டைத் தாண்டி வழிய ஆரம்பித்தது. முகம் ரப்பராக இழுபட்டது. குன்றின் பச்சை மேகத்துக்குள் ஏறியது.

"காத்துல ஏரியல் திரும்பிக்கிச்சு," என்று அப்பா எழுந்து ஓடினார். வெளியே மழை கட்டிக்கொண்டு நின்றது. தகரத்தில் அவருடைய காலடிச் சத்தம் தடதடவென்று எங்கள் தலைக்கு மேலே போனது. அது நின்ற அதே நேரம் திரை முழுக்கப் புள்ளி புள்ளியாகிவிட்டது. பாட்டும் தேய்ந்து, எங்கோ மழை பெய்கிற சத்தம் மாதிரி ஆனது.

"விடுங்க, விடுங்க! இருந்ததும் போச்சு!" என்று அம்மா ஜன்னலில் கத்தினார்.

"நான் இன்னும் தொடவே இல்ல லா!" என்றது கூரை.

அப்புறம் ஒரு இடி. இடி இடித்தால் எங்கள் வீட்டில் டிவி பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும், அதற்கு மேல் பேச்சில்லை. அம்மா பிடுங்கினார். அப்பா தொப்பலாக நனைந்து உள்ளே வந்தார். வந்ததும் அவர் கேட்டது, "அவ நெழலப் புடிச்சிட்டாளா?" என்றுதான். நான் தரையில் புரண்டு அழுதுகொண்டிருந்தேன்.

அன்றோடு தீர்ப்பு எழுதியாகிவிட்டது. சம்பலில் உப்பு கூடினாலும், கல்யாண வீட்டு போட்டோவில் தலை வெட்டுப்பட்டாலும், "இவரு ஏரியலத் திருப்பின கததான்," என்பார் அம்மா. ஆரம்பத்தில் அப்பா சண்டை போட்டார். பிறகு சிரித்தார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் அம்மா இந்தக் கதையைச் சொன்னபோது, "ஆமா, கை பட்டிருக்கும்," என்று அவரே ஒப்புக்கொண்டுவிட்டார்.

எனக்கோ அந்த முடிவு இல்லாமல் தூக்கம் வராது. தினமும் ஒரு முடிவு செய்துகொண்டுதான் தூங்கினேன். ஒன்றில் நிழலும் அவளும் நிலாவின் மீசையில் ஊஞ்சல் கட்டி ஆடினார்கள். இன்னொன்றில் இரண்டு பேரும் எங்கள் தோட்டத்துக்கே குடிவந்தார்கள், நிழல் எனக்குப் பதிலாகப் பள்ளிக்கூடம் போனது. பள்ளி முடிந்து, வேலைக்குப் போய், குழந்தைகள் பிறந்த பிறகும் மழை வரப்போகிற மதியங்களில் அந்தக் குன்று என் கண்ணில் தெரியும். அவள் கையை நீட்டியபடி அங்கேயே நிற்பாள்.

சென்ற மாதம் சிங்கப்பூரில் வேலை முடிந்து திரும்பும்போது பஸ் எல்லைப் பாலத்து நெரிசலில் நின்றுவிட்டது. சும்மா இருக்க முடியாமல், நிழல், மீசை நிலா, கண்ணாடி போட்ட மீன் என்று போனில் தட்டினேன். முழுப் படமும் வந்து நின்றது. ஆனால் கடைசிப் பகுதியைத் திறக்கவில்லை. அப்பாவோடு பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பாசம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் தனியாகப் பார்க்கப் பயம். நான் கட்டி வைத்த முடிவுகளைவிட அது மட்டமாக இருந்துவிட்டால்?

ஞாயிற்றுக்கிழமை குளுவாங்கில் இருக்கும் அப்பா அம்மா வீட்டுக்குப் போனேன். அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை, ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். டிவியில் படத்தைப் போட்டதும் சோபாவின் நுனிக்கு வந்து உட்கார்ந்தார். நிலா பாடியபோது கை தானாக மீசைக்குப் போனது. இப்போது மீசை வெள்ளை.

குன்று வந்தது. அவள் கையை நீட்டினாள். சட்டையின் சிவப்பு நிறம் வரைகோட்டைத் தாண்டி வழிந்தது. முகம் இழுபட்டது. குன்றின் பச்சை மேகத்துக்குள் ஏறியது. சமையலறை வாசலில் கரண்டியோடு வந்து நின்ற அம்மா, "அலமாக், லைன் போச்சா? என்னாங்க பண்ணீங்க?" என்றார்.

அப்பா இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டினார். "நான் இங்கதான உக்காந்திருக்கேன்?"

நிறமெல்லாம் புள்ளிகளாக உதிர்ந்தது. எது அவள், எது நிழல் என்று பிரிக்க முடியவில்லை. இரண்டும் சேர்ந்து ஒரே தூறலாகித் திரை முழுக்க இறங்கின. பாட்டும் தேய்ந்து மழைச் சத்தமாகியது. அதன் பிறகு பெயர்கள் ஓட ஆரம்பித்தன. முடிவே அதுதான். நான் செய்த எந்த முடிவும் அதன் கால்தூசிக்குக்கூட ஈடாகாது.

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "அப்ப அன்னிக்கு நீங்க தொடவே இல்லையா?"

"அதத்தான கூரமேலருந்து கத்துனேன்."

அப்பாவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நீங்க ரெண்டு பேரும் அன்னிக்கே முடிவப் பாத்துட்டீங்க," என்றார் மெதுவாக. "பாக்காதவன் நான் ஒருத்தன்தான். இப்பவும் இந்தக் கண்ணுக்குச் சரியாத் தெரியல. மறுபடி போடும்மா."

நான் படத்தைக் குன்றுக்கு இழுத்து வந்தேன். அம்மா அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, தன் கைலி நுனியால் இரண்டு பக்கமும் துடைத்து, திரும்ப மாட்டிவிட்டார்.

"தெளிவா இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு," என்றார் அப்பா. "யாரும் எதையும் தொடாதீங்க."