வெட்டிய குழாயில் வந்த குரல்

கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள். இது நான் கட்டிவிட்ட கதை இல்லை. ஒரு பழைய தொப்பியைத் தைத்தவள் வாயாலேயே கேட்டேன். அதுவும் பட்டப்பகலில் நடந்தது.

அவள் விமானப் பயிற்சிக்கூடத்தில் தையல்காரி. பாராசூட் பை, இருக்கைப் பட்டை, கிழிந்த உறை... இருபத்தாறு வருடம் குனிந்து தைத்துக் கழுத்தே கொக்கியாகிவிட்டது. அவள் மகள் அங்கேயே விமானம் ஓட்டப் படித்தாள். அன்றைக்கு முதல் தடவையாகத் தனியாகப் பறக்க வேண்டும்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம். தனியாகப் போகிற முதல் நாள், போர்க்காலத்துத் தோல் தொப்பி ஒன்றைக் காலியாக இருக்கும் பின்னிருக்கையில் கட்டிக்கொண்டு போவார்கள். ரேடியோ வராத காலத்துத் தொப்பி. காதோரம் இரண்டு ரப்பர் குழாய் தொங்கும். பின்னால் இருக்கும் வாத்தியார் மறுமுனையில் வாய் வைத்துப் பேசினால் மாணவன் காதில் விழும். அதைக் கொண்டுபோனவர்கள் எல்லாரும் பத்திரமாக இறங்கியிருக்கிறார்கள்.

அதன் தாடைப்பட்டை அறுந்து மூன்று நாள். அசதியில் அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

“என்னம்மா, இன்னுமா தைக்கல?”

“கண்ணு சொருகிடுச்சுடி. ரெண்டே தையல், இரு.”

“உன் ரெண்டு தையலுக்குள்ள நான் கிழவியாயிடுவேன். கூப்பிட்டுட்டாங்க. வரேம்மா!”

மணி மூன்று பத்து. தொப்பி இல்லாமலே போய்விட்டாள்.

தாய் அவசரமாகத் தொப்பியை மடியில் இழுத்துப் போட்டாள். ஊசியை எடுத்தாள். மட்கிப்போயிருந்த குழாய்களை விரல் நீளம் விட்டு வெட்டிக் குப்பையில் போட்டாள்.

மூன்று முப்பத்தைந்து. தைத்து முடித்தாள். அளவு பார்க்கத் தலையில் மாட்டினாள். காலையில் சருகாக இருந்த உள்துணி... சொதசொதவென்று நனைந்திருந்தது. நெற்றியில் வழிந்தது. உதட்டில் உப்புக் கரித்தது.

மூன்று நாற்பது. காதுக்குள் மூச்சு. ஸ்ஸ்... ஸ்ஸ்...

தன் மூச்சை அடக்கினாள். அது நிற்கவில்லை.

மூன்று நாற்பத்திரண்டு. ஓர் ஆண் குரல். களைத்த குரல்.

“கையை எடு... நான் பாத்துக்கறேன்.”

குழாயைத் தடவினாள். வெட்டிய முனைதான். அதற்கப்பால் ஒன்றுமில்லை.

“கையை எடு.”

அப்புறம்... சத்தமே இல்லை.

நான்கு ஐந்துக்கு மகள் வந்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கடலுக்கு மேலே திரும்பும்போது விமானம் சுழல ஆரம்பித்ததாம். பதறிப்போய், விமானத்தைத் திருப்புகிற கோலை இறுக்கிப் பிடித்தாளாம்.

“பின்னாடியிருந்து யாரோ கையை எடுன்னாங்கம்மா. எடுத்துட்டேன். தானா நேராச்சு.”

கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ரேடியோ கேட்பவர் மூச்சிரைக்க இறங்கி வந்தார்.

“ஏம்மா, தனியாத்தானே அனுப்பினோம்? கூட யாரு பேசினது?”

மறுநாள்தான் கிடங்குக்காரர் விஷயத்தைச் சொன்னார். அந்தத் தொப்பி ஒரு மாணவனுடையது. விமானத்தோடு கடலில் விழுந்தவன். கரை ஒதுங்கியபோது, கோலைப் பிடித்த வாக்கிலேயே பத்து விரலும் மடங்கியிருந்தனவாம். யாராலும் விரிக்க முடியவில்லை.

தையல்காரி குப்பையைக் கிளறி, அந்தக் குழாய்களை எடுத்து, மறுபடி ஒட்டிவைத்தாள்.

அந்த மாணவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த வாத்தியார் மட்டும்... இன்னும் கரை ஒதுங்கவில்லை.

சரி, எழுந்திருங்கள். உங்கள் வீட்டுப் படி இறங்குகிற பிள்ளைகள் எல்லாம் பொழுது சாய்வதற்குள் அதே படி ஏறட்டும். உங்கள் அடுப்பில் உலை கொதித்தபடி இருக்கட்டும்.