விழுந்து கிடந்தவனின் மூச்சு

திரேசம்மா இறந்த செய்தி எனக்கு இங்கிலாந்திலிருந்து வந்தது. அவர் இறந்த ஆஸ்பத்திரி இங்கே பிரான்சில், என் வீட்டிலிருந்து மெட்ரோவில் நான்கு நிறுத்தம். உறவினர் என்று அங்கே பதிந்திருந்தது அவருடைய தங்கையின் மகள் பெயர் மட்டும்தான். தாதி அவளுக்குச் சொல்ல, அவள் அழுதுகொண்டே எனக்குச் சொன்னாள். மார்க்ஸ் டோர்மோய்ப் பகுதியில் ஒரே மாடியில், எதிரெதிர்க் கதவுகளில் இருபது வருடம் வாழ்ந்த எனக்கு அந்தத் தாளில் இடமில்லை.

லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு சாப்பாட்டுக்கடையின் சமையலறையில் வெங்காயம் உரித்த, அதிகம் பேசாத பெண்ணாகத்தான் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். அவர் நன்றாகப் பேசுவார். உங்களோடு பேசவில்லை, அவ்வளவுதான். வாயைத் திறந்தால் நீங்கள் மகனைப் பற்றிக் கேட்பீர்கள் என்று அவருக்குத் தெரியும். அமலன் அவருடைய ஒரே மகன். 2009 மே மாதத்துக்குப் பிறகு வன்னியிலிருந்து அவனைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை.

சில வருடங்கள் கழித்து, ஒரு நத்தாருக்கு, கிறிஸ்மஸ் விடுமுறையில், நாங்கள் இருவரும் கார் து நோர் நிலையத்தில் ரயிலேறி இங்கிலாந்தில் அந்தத் தங்கை மகள் வீட்டுக்குப் போனோம். சின்னக் கிராமம். நத்தாருக்கு மறுநாள் ஊரே நாடகம் பார்க்கத் தெருவில் வட்டமாக நின்றது. கடதாசிக் கீலங்கள் தைத்த அங்கிகளுடன் ஐந்தாறு ஆண்கள் நடுவில் நின்று, மனப்பாடம் செய்த குரலில் வசனம் சொன்னார்கள். புனித ஜோர்ஜ் என்று ஒருவர், துருக்கி வீரன் என்று ஒருவர். மர வாள்களால் அடித்துக்கொண்டார்கள். துருக்கி வீரன் ஈரத் தெருவில் விழுந்து செத்தான்.

நான் வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டு நின்றேன். கொன்வென்டில் சிஸ்டர்மாரிடம் படித்த ஆங்கிலத்தில் எனக்குப் பெருமை உண்டு. "அக்கா இங்கிலீசு கதைக்கேக்கை வேறை முகம் போடுறா" என்று திரேசம்மா என்னைச் சீண்டினார். பிறகு உயரத் தொப்பியோடு வைத்தியன் வந்தான். தான் போகாத நாடில்லை, பிரான்சிலும் வைத்தியம் பார்த்தேன் என்று அளந்தான். "எங்கட பக்கம் வரேல்லைப் போல" என்றார் திரேசம்மா. வைத்தியன் ஒரு போத்தலிலிருந்து செத்தவனின் வாயில் சொட்டு விட்டான். செத்தவன் எழுந்து நின்றான். ஊர் சிரித்துக் கைதட்டியது.

திரேசம்மா சிரிக்கவில்லை. கண் கலங்கி நின்றார். எனக்குச் சங்கடமாக இருந்தது. "இது நாடகம், திரேசா. நீர் சின்னப்பிள்ளை இல்லை" என்று சற்றுக் கடுமையாகவே சொன்னேன்.

"தெரியும் அக்கா. அவன் விழுந்து கிடக்கேக்கையே வயிறு ஏறி இறங்கினது. நீங்கள் வசனத்தைக் கேட்டுக்கொண்டு நிண்டியள். நான் வயித்தைப் பார்த்துக்கொண்டு நிண்டனான்."

அந்தப் பதில் என்னைப் பயமுறுத்தியது. இவருடைய காத்திருப்பு ஒரு நோயாகிவிட்டது, அதை யாராவது முடித்துவைக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த யாராவது நான்தான் என்றும் நினைத்தேன்.

நவம்பர் மாதத்தில் தேவாலயத்தில் நம் தமிழ்ப் பூசையில் இறந்தோரின் பெயர்களை வாசிப்பார்கள். குடும்பங்கள் தரும் பெயர்களை அழகான எழுத்தில் பட்டியலாக்குவது என் பொறுப்பு. அடுத்த வருடம், என் கணவர் பெயருக்குக் கீழே, திரேசம்மாவிடம் கேட்காமல், அமலன் என்று எழுதினேன். பெயரைக் கேட்டால் அழுவார், அழுதால் ஆறுவார் என்பது என் கணக்கு.

பெயர் வாசிக்கப்பட்டது. அவர் அழவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு பூசை நடுவில் எழுந்து போனார். நான் பின்னால் ஓடினேன். கோயில் படியில் நின்று, குரலை உயர்த்தாமல் கேட்டார்:

"அக்கா, நீங்கள் அவனைக் கண்டனீங்களோ?"

"இல்லை."

"மூச்சு நிண்டதைக் கண்டனீங்களோ?"

"இல்லை, திரேசா."

"பிறகென்னெண்டு எழுதினனீங்கள்?"

நாலு மாதம் எதிர்க்கதவு எனக்குத் திறக்கவில்லை. படியில் கண்டால் சுவரோடு ஒதுங்கிப் போவார். ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலத்தில் ஒரு பின்னேரம் அவரே வந்து தட்டினார். கையில் பிரெஞ்சில் ஒரு அலுவலகக் கடிதம். "கோவம் போகேல்லை. கடதாசி வந்திட்டுது" என்றார். வாசித்துச் சொன்னேன். தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பிழையை ஒப்புக்கொள்ள என் நாக்குப் பழகியிருக்கவில்லை. பிறகு கேட்கலாம் என்று அத்தனை வருடமும் தள்ளிப்போட்டேன்.

கடைசிக் கிழமை ஆஸ்பத்திரியில் அவரே அந்தப் பேச்சை எடுத்தார். "நான் போனாப் பிறகும் அவன்ரை பேரைப் போடாதேங்கோ." போடமாட்டேன் என்றேன். அதுதான் நேரம், கேட்டிருக்கலாம். தலையணையைச் சரிசெய்தேன்.

அடுத்த நாள் அவருக்கு நினைவு தப்பிவிட்டது. போர்வைக்கு மேலால் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறியது, இறங்கியது. சந்திக்கும் நேரம் முடிந்தது என்று தாதி என்னை அனுப்பியபோதும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. அது நின்றதை நான் காணவில்லை. ஆனால் இந்த நவம்பர்ப் பட்டியலில் திரேசம்மா என்று எழுதிவிட்டேன்.

பட்டியலை வாங்க வந்த பெண் வாசித்துப் பார்த்துக் கேட்டாள்: "மகன்ரை பேரையும் போடுவமோ அன்ரி? இனிமேல் ஆர் குறை சொல்லப்போகினம்?"

வேண்டாம் என்றேன்.

"ஏன், அவர் இருக்கிறாரோ?"

இருக்கிறான் என்று நான் நம்பவில்லை. ஒரு நாளும் நம்பியதில்லை. திரேசம்மாவின் நம்பிக்கை அவரோடு போய்விட்டது. எனக்கு எஞ்சியிருப்பது அந்தப் பெயரை எழுதாமல் இருக்கும் வேலை மட்டும். எனக்கு எண்பத்தொரு வயது. எனக்குப் பின் அதைச் செய்ய ஆளில்லை.